லாசா அரசின் எல்லைகள், 1912–1951

மஞ்சு பேரரசின் காவற்படை லாசாவில் சரணடைந்த 1912ஆம் ஆண்டுக்கும், சீன மக்கள் விடுதலைப் படை அந்நகருக்குள் நுழைந்த 1951ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில், திபெத் தனக்கென அமைச்சரவை, படை, நாணயம், அஞ்சல்தலை, இறுதிக் காலத்தில் அயலுறவு அலுவலகம் ஆகியவற்றை வைத்துத் தன்னைத் தானே ஆண்டது என்பதை வரலாற்றாய்வாளர்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்பர். அந்த ஆட்சியைச் சுதந்திர நாடு என்று கொள்வதா, மையம் தளர்ந்திருந்த சீனாவின் ஒரு பகுதி என்று கொள்வதா என்ற வாதம்தான் முடிவின்றி நீள்கிறது. அந்த வாதத்தின் இரைச்சலில், அதைவிட அடிப்படையான மற்றொரு வினா போதிய கவனம் பெறாமல் போயிற்று: லாசா அரசு உண்மையில் எந்த நிலத்தை ஆண்டது? ஓர் ஊரில் வரி வாங்கியது யார், வழக்கைத் தீர்த்தது யார், கோட்டையில் தங்கியிருந்தது யாருடைய படை என்ற மூன்று அளவுகோல்களையும் கொண்டு நோக்கினால், இன்று இரு தரப்பாரும் அச்சிட்டு வழங்கும் நிலப்படங்கள் எதனோடும் பொருந்தாத, ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை உருமாறிய ஒரு நாடு தெரியவருகிறது. அதன் கிழக்கெல்லை போரால் உறுதிப்பட்டதேயன்றி எந்த முழுமையான உடன்படிக்கையாலும் ஏற்கப்படவில்லை. தெற்கெல்லையோ உடன்படிக்கையில் வரையப்பட்டும் பல ஆண்டுகள் நிலத்தில் நடைமுறைக்கு வரவில்லை.

திபெத்திய மொழியும் பௌத்த மடங்களும் பரவிய மேட்டுநிலம் முழுவதையும் கணக்கில் எடுத்தால் அது ஏறத்தாழ 25 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது. மரபுப்படி அது மூன்று பெரும் பகுதிகளாகக் கொள்ளப்படும்: லாசா, ஷிகாட்சே நகரங்களைச் சூழ்ந்த நடுப்பகுதியும் மேற்கும் சேர்ந்த ஊ-ட்சாங், கிழக்கே ஆழ்ந்த ஆற்றுப் பள்ளத்தாக்குகளால் பிளவுண்ட காம், வடகிழக்கே கோக்கோநோர் ஏரியை ஒட்டிய புல்வெளிகள் நிறைந்த அம்தோ. லாசாவில் பிரித்தானியப் பேராளராக இருந்த ஹியூ ரிச்சர்ட்சன், தமக்கு முந்தைய சார்லஸ் பெல்லைப் பின்பற்றி, லாசா அரசு தொடர்ச்சியாக ஆண்ட நிலத்தை ‘அரசியல் திபெத்’ என்றும், மக்களும் பண்பாடும் திபெத்தியமாக இருந்தும் அந்த ஆட்சி எட்டாத அல்லது இடையிடையே மட்டும் எட்டிய நிலத்தை ‘இனப்பண்பாட்டுத் திபெத்’ என்றும் பிரித்துக் காட்டினார். இப்பிரிப்பு பயனுடையதே, ஆயினும் இரண்டுக்கும் நடுவே ஒரே கோடு நிலையாக இருந்தது போன்ற மயக்கத்தை அது தருகிறது. 1912க்கும் 1933க்கும் இடையில் அந்தக் கோடு மூன்று முறையேனும் இடம்பெயர்ந்தது.

புதிய அரசு பெற்ற மரபுரிமையே சிக்கலானது. 1642இல் மங்கோலியத் தலைவன் குஷ்ரி கானின் துணையோடு ஐந்தாம் தலாய் லாமா நிறுவிய ஆட்சியின் செல்வாக்கு காம், அம்தோ நிலங்களிலும் பரவியிருந்தது. 1720களில் மஞ்சு பேரரசு அந்த நிலங்களை லாசாவிடமிருந்து பிரித்தது. அம்தோவின் பெரும்பகுதி ஷினிங் நகரில் அமர்ந்த பேரரசு அதிகாரியின் மேற்பார்வைக்குச் சென்றது. காமில் 1727இல் பத்தாங்குக்கு மேற்கே பும் லா என்னும் கணவாயருகில், யாங்சி ஆற்றின் மேற்பகுதியாகிய திரிச்சுவுக்கும் மீகாங்கின் மேற்பகுதிக்கும் இடையிலான நீர்பிரிமேட்டில், எல்லைத் தூண் நடப்பட்டது. தூணுக்குக் கிழக்கே தெர்கே, பத்தாங், லித்தாங், ஐந்து ஹோர் குறுநிலங்கள், சாக்லா முதலியவற்றின் பரம்பரைத் தலைவர்கள் சீனப் பேரரசின் முத்திரையைப் பெற்றுக்கொண்டு தம் விருப்பப்படியே ஆண்டனர். செங்டு நகரத்து ஆளுநரின் அதிகாரம் அவர்களிடம் பெயரளவிலேயே சென்றது. இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பெரிய விலக்கும் உண்டு. தூணுக்கு வெகு தொலைவு கிழக்கேயுள்ள ஞாரோங் பள்ளத்தாக்கின் தலைவன் கொன்போ நம்கியால் அண்டை நிலங்களையெல்லாம் கைப்பற்றியபோது, அவனை அடக்கும் பொறுப்பை லாசாவே ஏற்று, 1865இல் அவனை அழித்து, தன் ஆணையர் ஒருவரை அங்கே அமர்த்தியது. எனவே தன் கிழக்கெல்லை எது என்று லாசாவிடம் வினவினால், 1727இன் தூணையும் சுட்டலாம், தூணுக்கு அப்பாலுள்ள ஞாரோங்கையும் சுட்டலாம், அதற்கும் அப்பால் தலாய் லாமாவின் சமய அதிகாரத்தை ஏற்ற மடங்களையும் சுட்டலாம் என்ற நிலை இருந்தது. பின்னாளில் லாசா இம்மூன்றையும் சுட்டியது.

தளர்ந்த இந்த ஏற்பாடு ஒரே தலைமுறைக்குள் உடைந்ததற்கு உடனடிக் காரணம் பிரித்தானியரே. 1903–04இல் யங்ஹஸ்பண்டின் படை லாசாவரை சென்று தலாய் லாமாவின் அரசோடு நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்டதைக் கண்ட பெய்ஜிங், பெயரளவு மேலாண்மை இனி காப்பளிக்காது என்று உணர்ந்தது. 1905இல் பத்தாங்கில் எழுந்த கலகத்தில் பேரரசின் உயர் அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டதும், அதை ஒடுக்க வந்த ஜாவ் எர்ஃபெங் என்ற தளபதி, மடங்களை இடித்து, பரம்பரைத் தலைவர்களை நீக்கி, அவர்களுடைய இடத்தில் சீன நடுவர்களை நியமித்து, சிச்சுவான் உழவர்களைக் குடியேற்றவும் முயன்று, சில ஆண்டுகளில் காம் முழுவதையும் சாம்தோவரை தன் பிடிக்குள் கொண்டுவந்தார். 1910 பிப்ரவரியில் மற்றொரு சீனப் படை லாசாவுக்குள் நுழைய, தலாய் லாமா இந்தியாவுக்குத் தப்பினார். ஜாவின் துணைவராகிய ஃபூ சொங்மு, கைப்பற்றிய நிலத்தை ‘சிகாங்’ என்ற பெயரில் புதிய மாகாணமாக்க வேண்டுமென்று 1911இல் முன்மொழிந்தார். அவர் வரைந்த எல்லை லாசாவிலிருந்து சில நாள் பயணத்தொலைவிலுள்ள கியாம்தாவரை நீண்டது. அதே ஆண்டு புரட்சி வெடித்து, டிசம்பரில் ஜாவ் செங்டுவில் தலை துண்டிக்கப்பட்டார். அவருடைய படை சிதறியது. அவருடைய வெற்றியின் அடிப்படையில் வரையப்பட்ட காகித மாகாணமோ அடுத்த ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் சீன நிலப்படங்களில் நிலைத்து நின்றது.

லாசாவிலிருந்த சீனக் காவற்படை 1912 ஆகஸ்டில் சரணடைந்து இந்தியா வழியாகத் திருப்பி அனுப்பப்பட்டது. 1913 ஜனவரியில் தலாய் லாமா தலைநகர் திரும்பி, அடுத்த மாதம் அறிக்கை ஒன்றை வெளியிட்டார். அவ்வறிக்கையைத் திபெத்தியர் சுதந்திரப் பிரகடனமாகப் போற்றுகின்றனர். அதில் எல்லைக் காவலைப் பற்றிய அறிவுரை உண்டேயன்றி எல்லை எது என்ற வரையறை இல்லை. பொதுநூல்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஓர் உண்மையை இங்கே குறிக்க வேண்டும். சாம்தோவில் ஜாவ் விட்டுச்சென்ற சீனப் படை 1918வரை அங்கேயே இருந்தது. அதாவது சுதந்திரத்தின் முதல் ஆறு ஆண்டுகளில் லாசா அரசின் நடைமுறைக் கிழக்கெல்லை, மஞ்சு பேரரசு 1727இல் வகுத்த எல்லைக்கும் நெடுந்தொலைவு மேற்கே ஒடுங்கியிருந்தது.

இந்த நிலையில்தான் 1913 அக்டோபரில் சிம்லா மாநாடு கூடியது. பிரித்தானிய இந்தியாவின் சார்பில் அயலுறவுச் செயலர் ஹென்றி மக்மகனும், சீனாவின் சார்பில் இவான் சென்னும், திபெத்தின் சார்பில் முதிர்ந்த அமைச்சர் லோன்சென் ஷாத்ராவும் சம நிலையில் அமர்ந்த அந்த மாநாட்டுக்கு ஷாத்ரா கொண்டுவந்தவற்றுள் காம், அம்தோப் பகுதிகளின் வரிப் பதிவேடுகளும் மடங்களின் ஆவணங்களும் மூட்டை மூட்டையாக இருந்தன. தர்ச்சேதோ (சீனர் காங்திங் என்பர்) நகரமும் கோக்கோநோர் ஏரியும் உட்பட்ட நிலம் முழுவதும் தம்முடையது என்று அவர் கோரினார். இவான் சென்னிடம் அத்தகைய ஆவணங்கள் குறைவு. ஜாவ் எர்ஃபெங்கின் அண்மைய வெற்றியைக் காட்டி, எல்லை கியாம்தாவில் தொடங்குகிறது என்று அவர் வாதிட்டார். இரு கோரிக்கைகளுக்கும் இடைப்பட்ட நிலம் ஒரு பெரிய நாட்டின் அளவுடையது. மக்மகன் கண்ட வழி, அண்மையில் மங்கோலியாவில் உருவான பிரிவினையைத் தழுவியது: லாசா தன்னாட்சி செலுத்தும் ‘வெளித் திபெத்’ ஒன்று, சீனா அதிகாரிகளையும் படையையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் மாகாணமாக மாற்றக் கூடாது, மடங்களின் தலைவர்களை நியமிக்கும் உரிமை லாசாவிடமே இருக்கும் என்ற நிபந்தனைகளோடு கூடிய ‘உள் திபெத்’ ஒன்று. இரண்டின் மீதும் சீனாவுக்கு மேலாட்சி, அதாவது முழு இறைமைக்குக் குறைந்ததும் பெயரளவு தலைமைக்குச் சற்று மிகுந்ததுமான உரிமை, ஏற்கப்படும் என்பது உடன்பாடு.

1914 ஏப்ரல் 27இல் மூவரும் வரைவில் சுருக்கொப்பம் இட்டனர். பெய்ஜிங் உடனடியாகத் தன் பேராளரின் செயலை மறுத்தது. மறுப்புக்கு அது வெளிப்படையாகக் கூறிய முதன்மைக் காரணம் எல்லையே. திபெத்தின் தகுதிநிலை பற்றிய சொற்களைப் பெருமளவு விழுங்கிக்கொள்ள ஆயத்தமாயிருந்த சீனக் குடியரசு, தெர்கேயையும் சாம்தோவையும் விட்டுக்கொடுக்க ஆயத்தமாக இல்லை. மாநாட்டின் தோல்வியைச் சுதந்திரம், மேலாட்சி என்ற கருத்துகளின் மோதலாகவே விளக்கும் பிற்கால நூல்கள் இதைக் குறைத்து மதிப்பிடுகின்றன. பேச்சு முறிந்த இடம் சில பள்ளத்தாக்குகள். ஜூலை 3இல் பிரித்தானியாவும் திபெத்தும் மட்டும் அந்த உடன்படிக்கை தம்மைக் கட்டுப்படுத்தும் என்று அறிவித்துக்கொண்டன. கையொப்பமிடாத சீனாவுக்கு மேலாட்சி உள்ளிட்ட நன்மை எதுவும் இல்லையென்று அவை முடிவுசெய்தாலும், கிழக்கெல்லையைச் சீனாவின் இசைவின்றி நிலைநிறுத்தும் வழி அவற்றிடம் இல்லை.

அந்த எல்லையை வகுக்கும் பணியைப் பிறகு படைகளே செய்தன. 1917இல் ரிவோச்சே அருகே புல் வெட்டச் சென்ற திபெத்தியப் படைவீரர்களைச் சீனர் பிடித்துச்சென்றதில் தொடங்கிய சிறு பூசலைச் சாக்காக்கி, சாம்தோவின் சீனத் தளபதி பெங் ரிஷெங் தாக்குதலில் இறங்கினார். காமின் பொறுப்பிலிருந்த துறவி அமைச்சர் கலோன் லாமா ஜம்பா தெந்தார், பிரித்தானியரிடம் பெற்ற துப்பாக்கிகளோடு எதிர்த்து முன்னேறி, 1918 ஏப்ரலில் சாம்தோவைக் கைப்பற்றி, திரிச்சுவைக் கடந்து தெர்கேக்குள் புகுந்தார். இன்னும் சில வாரங்கள் போர் நீண்டிருந்தால் தர்ச்சேதோவரையிலும் அவர் சென்றிருக்கக்கூடும் என்று அக்காலத்தவர் கருதினர். பிரித்தானியத் தூதரக அதிகாரி எரிக் டெய்க்மன் குதிரையில் இரு தரப்பு முகாம்களுக்கும் அலைந்து ஏற்படுத்திய போர்நிறுத்தத்தின்படி, சாம்தோ, திராயா, மார்க்கம், கோன்ஜோ ஆகியவற்றோடு ஆற்றுக்குக் கிழக்கேயுள்ள தெர்கே, பல்யுல் நிலங்களும் திபெத்திடம் தங்கின. பத்தாங், லித்தாங், ஞாரோங், கான்சே ஆகியன சீனரிடம் சென்றன. பெய்ஜிங் இதை ஏற்று ஒப்பமிடவில்லை. ஆயினும் அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் இதுவே எல்லை; லாசா அரசின் நிலப்பரப்பு மிக அகன்றிருந்த காலமும் இதுவே.

வென்ற நிலத்தை ஆள்வது வேறு கலை. சாம்தோவில் அமர்ந்த கிழக்குத் திபெத் ஆளுநரின் கீழ், ஜோங் எனப்படும் கோட்டை ஆட்சிமையங்களுக்கு நடுத் திபெத்திலிருந்து அதிகாரிகள் வந்தனர். அவர்கள் கொண்டுவந்தவற்றுள் மக்கள் மிகவும் வெறுத்தது ‘உலாக்’, அதாவது அரசு அலுவலர்க்கும் சரக்குக்கும் கூலியின்றி விலங்குகளையும் ஆட்களையும் தரவேண்டிய கட்டாய ஊழியம். சீனர் ஆட்சியில் அவதியுற்றுத் திபெத்தியப் படையை வரவேற்ற காம் மக்கள் (காம்பாக்கள்) பலர், சில ஆண்டுகளிலேயே லாசாவையும் மற்றோர் அயலார் ஆட்சியாகக் காணத் தொடங்கினர். 1934இல் மார்க்கத்தில் வணிகக் குடும்பத்தவரான பண்டாட்சாங் தோப்கியால் லாசாவுக்கு எதிராகக் கிளர்ந்தது இந்த மனக்கசப்பின் ஒரு வெளிப்பாடு.

எல்லைக்கு உள்ளேயும் ஆட்சி ஒரே சீராகப் படரவில்லை. தென்கிழக்கே மழைக்காடுகள் சூழ்ந்த போவோ நாட்டின் அரசர் தம் தனியுரிமையை விடாமல் காத்துவந்து, 1920களின் இறுதியில்தான் படைவலிமையால் அடக்கப்பட்டார். சாக்கிய மடம் தன் குறுநிலத்தைத் தானே ஆண்டது. ஷிகாட்சேயில் பஞ்சன் லாமாவின் தாஷில்ஹுன்போ மடத்து நிலங்கள், லாசா தன் புதிய படைச்செலவில் ஒரு பங்கை அவற்றின்மீது சுமத்தியபோது, அதை மறுத்தன. 1923இல் ஒன்பதாம் பஞ்சன் லாமா சீனாவுக்குத் தப்பிச் சென்று, 1937இல் எல்லைக்கு வெளியே ஜ்யேகுந்தோவில் இறக்கும்வரை திரும்பவேயில்லை. எல்லையைக் காக்கப் படை வேண்டும், படைக்கு வரி வேண்டும், வரி கேட்டால் உள்நாட்டுத் தன்னாட்சிகள் முறியும் என்ற இந்தச் சுழலே புதிய அரசின் ஆழ்ந்த பலவீனம். பெருமடங்களின் அச்சத்தால் 1920களின் நடுவில் படைச் சீர்திருத்தம் கைவிடப்பட்டதும் இதன் தொடர்ச்சியே.

அதன் விலை 1930களில் தெரிந்தது. ஹோர் நிலத்தில் தார்கியே மடத்துக்கும் பெரி தலைவனுக்கும் இடையே எழுந்த சொத்துப் பூசலில் மடத்தின் பக்கம் லாசாவும், தலைவனின் பக்கம் சிச்சுவான் போர்ப்பிரபு லியூ வென்ஹுயியும் நின்றனர். தொடக்கத்தில் திபெத்தியப் படை கான்சேயையும் ஞாரோங்கையும் பிடித்தது. 1932இல் அது வடக்கே ஜ்யேகுந்தோவைத் தாக்கி, ஷினிங்கின் முஸ்லிம் போர்ப்பிரபு மா பூஃபாங்கையும் பகைத்துக்கொண்டதும் நிலைமை தலைகீழாகி, இரு முனைகளிலும் பின்வாங்கிய படை தெர்கேயையும் இழந்து திரிச்சுவுக்கு மேற்கே தள்ளப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் களத் தளபதிகள் செய்துகொண்ட போர்நிறுத்தம் ஆற்றையே எல்லையாகக் கொண்டது. லியூவுக்குத் தம் உறவினரோடு சிச்சுவானில் மூண்ட உள்நாட்டுப் போர் மட்டும் இல்லாதிருந்தால் ஆறும் எல்லையாக நின்றிருக்குமா என்பது ஐயமே. நாற்பதாண்டு வரலாறு முழுவதிலும் காமின் எல்லை நகர்ந்ததற்கு லாசாவின் கொள்கையைவிடச் செங்டுவின் குழப்பங்களே பெரிதும் காரணமாயின. சீனத் தேசியவாத அரசு 1939இல் சிகாங்கை முறைப்படி மாகாணமாக அறிவித்தபோது, அதன் காகித எல்லை ஃபூ சொங்மு கனவு கண்டபடி கியாம்தாவரை சென்றது. அதன் ஆளுநரான லியூவின் ஆட்சி ஆற்றங்கரையில் நின்றது.

அம்தோவைப் பற்றி நீண்டு எழுத இடமில்லை. அங்கே லாசா அரசு இக்காலத்தில் ஆண்டதேயில்லை. 1928இல் சிங்காய் மாகாணமாக்கப்பட்ட அந்நிலத்தை மா குடும்பத்தார் ஆண்டனர். பதினான்காம் தலாய் லாமா 1935இல் பிறந்த தக்ட்சேர் ஊரும் அவர்களுடைய ஆளுகையிலேயே இருந்ததால், குழந்தையை லாசாவுக்கு அழைத்துச்செல்ல அனுமதி வேண்டி, திபெத்திய அரசு மா பூஃபாங்குக்குப் பல லட்சம் வெள்ளி நாணயங்களைக் கொடுக்க நேர்ந்தது. நாட்டின் தலைவரை அயலாட்சிப் பகுதியிலிருந்து விலை கொடுத்துப் பெற்ற இந்நிகழ்ச்சி, சமய எல்லைக்கும் அரசியல் எல்லைக்கும் இருந்த தொலைவை எந்த நிலப்படத்தையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது.

தெற்கே நிலைமை இதற்கு நேர்மாறு. சிம்லா மாநாட்டின் ஓரத்தில், 1914 மார்ச் 24, 25ஆம் நாள்களில் டெல்லியில் மக்மகனும் ஷாத்ராவும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், பூட்டானின் கிழக்கு முனையிலிருந்து பர்மாவரை இமயமலை முகட்டை ஒட்டிய எல்லைக்கோட்டை ஏற்றன. அதன்படி தவாங் மடமும் மொன் மக்களின் நிலமும் இந்தியப் பக்கம் வந்தன. கிழக்கெல்லையில் பிரித்தானியா கைகொடுக்கும் என்ற எதிர்பார்ப்பிலேயே லாசா இதற்கு இசைந்தது; கிழக்கில் ஒன்றும் கிடைக்காதபோது, தெற்கில் கொடுத்ததும் செல்லாது என்று பின்னர் வாதிட்டது. பிரித்தானியரோ அந்த எல்லைக்கோட்டையே மறந்துவிட்டனர். 1935இல் ஓலாஃப் கரோ என்ற அதிகாரி பழைய கோப்புகளில் அதைக் கண்டெடுத்தபின், 1938இல் கேப்டன் லைட்ஃபூட் சிறு படையோடு தவாங் சென்று திரும்பினார். 1944இல் கோட்டுக்குத் தெற்கேயுள்ள திராங் பகுதியில் இந்திய நிர்வாகம் புகுந்தது. தவாங்கில் மட்டும் ட்சோனா கோட்டையின் அதிகாரிகள் வரி வாங்குவது 1951 பிப்ரவரியில் மேஜர் பாப் காதிங் அங்கே இந்தியக் கொடியேற்றும்வரை நீடித்தது.

மேற்கில் லடாக்குடனான எல்லை 1684, 1842ஆம் ஆண்டுகளின் உடன்பாடுகளைச் சார்ந்திருந்தது. அவை ‘பழைய எல்லைகள்’ என்று குறித்தனவேயன்றி வரையவில்லை. கைலாசத்துக்கு அருகே மின்சார் என்ற ஊரின் வருவாய் லடாக்குக்கும், தார்ச்சென் முதலிய சில இடங்கள் பூட்டானுக்கும் உரியனவாயிருந்தன. நேப்பாளத்துக்கு 1856 உடன்படிக்கைப்படி ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் செலுத்தும் கடமை இந்தச் சுதந்திர காலத்திலும் தொடர்ந்தது. ஒரு நிலத்தில் பல அரசுகளுக்குப் பல உரிமைகள் இருப்பது இமயமலைப் பகுதியில் இயல்பாக இருந்தது; ஒரு பக்கம் முழு இறைமை, மறுபக்கம் ஒன்றுமில்லை என்ற ஐரோப்பிய எல்லைக்கருத்தை அங்கே பொருத்திப் பார்ப்பதால்தான் இன்றைய வாதங்களில் பாதி பிறக்கின்றன.

1947இல் இந்தியா விடுதலையடைந்த சில வாரங்களில், லாசா அரசு புது டெல்லிக்கு அனுப்பிய செய்தியில் வாலோங், பெமாகோ, மொன் நிலம், சிக்கிம், டார்ஜிலிங், பூட்டான், லடாக் ஆகியவற்றைக்கூடத் திருப்பித் தருமாறு கேட்டது. பேச்சின் தொடக்கத்தில் உச்ச அளவைக் கோரும் மரபு ஷாத்ராவின் காலத்திலிருந்தே இருந்துவந்தது எனினும், கிழக்கே சீன உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், தனக்கு உதவக்கூடிய ஒரே அண்டை நாட்டிடம் இவ்வாறு கேட்டது அரசியல் அறிவின்மை என்றே கூற வேண்டும்.

1950 அக்டோபரில் மக்கள் விடுதலைப் படையின் ஏறத்தாழ 40,000 வீரர்கள் திரிச்சுவைக் கடந்தனர். அக்டோபர் 19இல் சாம்தோ வீழ்ந்து ஆளுநர் ஙபோ ஙவாங் ஜிக்மே சிறைப்பட்டார். நவம்பரில் ஐ.நா.வுக்கு லாசா விடுத்த முறையீட்டை எல் சால்வடார் மட்டும் முன்மொழிய, அது விவாதமின்றி ஒத்திவைக்கப்பட்டது. 1951 மே 23இல் ஙபோவின் தலைமையில் சென்ற குழு பெய்ஜிங்கில் ஒப்பமிட்ட பதினேழு அம்ச உடன்பாடு, திபெத்தில் நிலவும் அரசியல் அமைப்பையும் தலாய் லாமாவின் நிலையையும் மாற்றுவதில்லை என்று உறுதி கூறியது. எந்தத் திபெத் என்பதை அது வரையறுக்கவில்லை. நடைமுறையில் 1932இன் போர்நிறுத்தக் கோடே அதற்கு விடையாயிற்று. சாம்தோவும்கூட லாசாவிடமிருந்து பிரிக்கப்பட்டுத் தனிக் குழுவின் கீழ் வைக்கப்பட்டு, 1956இல்தான் மேற்கோடு இணைக்கப்பட்டது. 1955இல் சிகாங் கலைக்கப்பட்டு அதன் கிழக்கு நிலங்கள் சிச்சுவானில் சேர்ந்தன. 1965இல் ஏறத்தாழ 12 லட்சம் சதுர கிலோமீட்டரோடு அமைக்கப்பட்ட திபெத் தன்னாட்சிப் பகுதியின் கிழக்கு விளிம்பில் இன்றும் ஆறே ஓடுகிறது.

அந்தக் கோட்டின் விளைவு உடனே தெரிந்தது. உடன்பாட்டின் காப்பு ஆற்றுக்குக் கிழக்கே செல்லாது என்று கருதிய சீன அரசு, 1955–56இல் அங்கே நிலச்சீர்திருத்தத்தையும் மடச்சொத்துப் பறிமுதலையும் தொடங்கியது. காம்பாக்கள் ஆயுதமேந்தினர்; 1956இல் லித்தாங் மடம் வானிலிருந்து குண்டுவீசித் தாக்கப்பட்டது. தப்பியவர்கள் ஆற்றைக் கடந்து மேற்கே லாசாவைச் சூழ்ந்து கூடாரமிட்டனர். 1958 ஜூனில் லாசாவுக்குத் தெற்கே லோகா பகுதியில் அவர்கள் கூடி அமைத்த சூசி கங்துருக் என்ற கிளர்ச்சிப் படையின் தலைவர் கொன்போ தாஷி லித்தாங்கைச் சேர்ந்தவர். அப்படையினர் பெரும்பாலோரின் ஊர்கள் 1932க்குப் பிறகு லாசா அரசு ஒருநாளும் வரி வாங்காத நிலத்தில் இருந்தன.